பிடித்தம்

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பத்தொன்பது வருடமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
ஏறும்போது லோரியின் எடை, இறங்கும்போது லோரியின் எடை,
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு.
அதிலும் காய்க்குலைக்குப் பிடித்தம்,
நீளக் காம்புக்குப் பிடித்தம்,
மழை குடித்து வந்த குலைக்கும் பிடித்தம்.
சத்தம் போடாமல் கழிப்பது என் வேலை.

ஆகவே அந்தப் பாரம் எனக்குப் புரியாமல் இல்லை.

பாங்கு மேசையில் புவான் ரொஸ்னானி
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுச் சொன்னாள்:
உங்கள் தனியார் ஓய்வூதியத்தில்
பத்தில் ஏழு பங்கு ஐம்பத்தைந்து வயதுவரை பூட்டு.
மூன்று பங்கை இப்போதே எடுக்கலாம்,
நூற்றுக்கு எட்டு வரிக்குப் போகும்.
நோய் என்றால் போகாது.
வீடு வாங்க என்றாலும் போகாது.

தம்பி லோரிக்கு என்ஜின் மாற்ற?

பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.
அதற்குக் கட்டம் இல்லை.
அவன் படுத்தால் கழிவு கிடையாது,
அவன் லோரி படுத்தால் எட்டு.

எனக்கு நாற்பத்தேழு.
செம்பனையில் குலை பழுத்ததைச் சொல்வது
தானாக உதிர்ந்து அடியில் கிடக்கும் பழங்கள்.
என் காசில் ஒன்றுகூட இன்னும் உதிரவில்லை.
நான்தான் துரட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இதில் சேர்ந்த நாளில்
பாய்லர் அறைக் கலைமணி கேட்டான்,
மூவாயிரம் போட்டால் மூவாயிரமும் திரும்ப வருமா என்று.
வராது.
கழிவது வருமானத்தில், வரியில் அல்ல.
இதை அவனுக்கு விளக்க இரண்டு கோப்பி ஆனது.
கடைசியில், அப்போ எனக்கு வேணாம் என்று எழுந்து போனான்.

வருடத்துக்கு மூவாயிரம் வெள்ளி, அதுதான் வரம்பு.
அதற்கு மேலும் போடலாம், யாரும் கையைப் பிடிக்கமாட்டார்கள்,
வரி இலாகா அதைத் திரும்பிப் பார்க்காது, அவ்வளவுதான்.
ஆலை போனஸ் கொடுத்த வருடம்
ஐயாயிரம் போட்டுவிட்டுப் பெருமையாய்த் திரிந்தேன்.
மிஞ்சிய இரண்டாயிரம்
கிளினிக்கில் நாளெல்லாம் காத்திருந்தும்
பெயர் கூப்பிடாத ஆள்போல நின்றது.

மேனேஜர் லிம்முக்கும் அதே மூவாயிரம்தான்.
அவர் சம்பளத்தின் நுனி இருபத்தைந்து விழுக்காட்டைத் தொடுகிறது,
அவருக்கு எழுநூற்றைம்பது மிச்சம்.
என்னுடையது மூன்று விழுக்காட்டில் நிற்கிறது,
எனக்குத் தொண்ணூறு.
எடுக்கப் போனால் மட்டும்
அவருக்கும் எட்டு, எனக்கும் எட்டு.

ராத்திரி மின்கட்டண பில்லின் முதுகில் கணக்குப் போட்டேன்.
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில்
போவது அறுநூற்று முப்பத்தாறு.
எட்டு வருடத்தில் மிச்சமான வரி
எழுநூற்று இருபது.
எண்பத்து நான்கு வெள்ளிக்காக
எட்டு வருடம் கெட்டிக்காரியாய் இருந்திருக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.
பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தனசீலன்
சிகாமட்டில் யாரையோ ஃபோனில் பிடித்து
தவணை கேட்டுக்கொண்டிருந்தான்,
எப்போதும் இல்லாத மரியாதையோடு.
அங்கேயும் நூற்றுக்கு எட்டுதான்.
மாதத்துக்கு.

மறுநாள் ரொஸ்னானியின் பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன்.
பூட்டிய ஏழு பங்கு அப்படியே கிடக்கட்டும்,
அதைக் கேட்க எனக்கே உரிமையில்லை என்பது
அன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

சில வாரம் கழித்து அவன் லோரி
புது இரைச்சலோடு பாலத்தில் ஏறியது.
தரம் பார்க்கும் ஹம்சா விரல்களை விரித்துக் காட்டினான்,
பிறகு இன்னொரு விரல்: பதினொரு காய்க்குலை.
கழித்தேன்.

என்னக்கா, நம்ம லோரிக்கேவா?
கண்ணாடிக்கு வெளியே பல்லைக் காட்டினான்.
அந்த அறுநூற்று முப்பத்தாறு அவனுக்குத் தெரியாது.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
பின்னால் இரண்டு லோரிகள் ஹாரன் அடித்தன.

பிடித்தம்தான்டா, என்றேன். நகரு.